பூட்டு விழுந்த சத்தம் மட்டும் போதாது: குட்டை டிரெய்லர்களும் மாறி மாறி வரும் யூனிட்டுகளும்

நவம்பர் மாதம், விடிவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சரக்கு யார்டு, விடாத மழை. யூனிட்டை, அதாவது என்ஜினும் கேபினும் உள்ள முன் வண்டியை, பின்னால் விட்டு ஒரு குட்டை டிரெய்லருக்கு அடியில் நுழைத்தேன். ‘டொக்’ என்று பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. கீழ் கியரில் இரண்டு தடவை முன்னால் இழுத்துப் பார்த்தேன், டிரெய்லர் அசையவில்லை. இறங்கி, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் ஹோஸை எடுக்கப் போனபோது பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கேட்டார்: “தம்பி, இழுத்துப் பார்த்தது காணாது. குனிஞ்சு பாத்தனியோ?”

குனிந்து டார்ச் அடித்தேன். யூனிட்டின் மேல் பூட்டு இருக்கும் தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அங்கே ஒட்டிப் படுத்திருக்க வேண்டும், ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. டிரெய்லர் உயரமாக நின்றதால் கிங்பின், அதாவது டிரெய்லரின் அடியில் இருக்கும் எஃகு முளை, முழுதாக உள்ளே இறங்காமல், பூட்டின் மேல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றிருந்தது. மெதுவாக இழுத்தபோது தாங்கிய அந்தப் பிடி, சாலையில் முதல் பள்ளத்திலேயே விட்டிருக்கும்.

அன்றிலிருந்து எனக்குப் ‘பொருந்துகிறது’ என்ற சொல்லின் மேல் நம்பிக்கை போய்விட்டது. எந்த யூனிட்டையும் எந்த டிரெய்லரோடும் மாட்டலாம் என்று யார்டுகளில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அது உண்மையில் கிங்பினைப் பற்றி மட்டுமே சொல்லும் வாக்கியம். மற்ற பொருத்தங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். நகரத்துக்குள் போகும் குட்டை டிரெய்லர்களில் இது இன்னும் கறாராகப் பொருந்தும்.

பிரிட்டனில் வழக்கமான நீள டிரெய்லர் 13.6 மீட்டர். யூனிட்டோடு சேர்த்து 16.5 மீட்டர் வரை போகலாம். 2023 மே 31 முதல் இன்னும் நீளமான டிரெய்லர்களுக்கும் அங்கே அனுமதி உண்டு. ஆனால் பழைய ஊர்களின் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சரக்கு வாசல்கள் இவற்றுக்காகக் கட்டப்பட்டவை அல்ல, பல இடங்களில் அது குதிரை வண்டி நுழைந்த சந்து. அங்கே அனுப்புவதற்கென்றே ஒன்பது, பத்து மீட்டரில், ஒரே ஒரு அச்சோடோ இரண்டு அச்சுகளோடோ குட்டை டிரெய்லர்கள் செய்கிறார்கள். பலவற்றில் பின் அச்சும் திரும்பும். ஓட்டுநர்கள் இதை ‘அர்பன்’ என்பார்கள். யார்டில் அர்பன்கள் கொஞ்சம்தான் இருக்கும், யூனிட்டுகளோ பல வகை. காலையில் எது சும்மா நிற்கிறதோ அதை எடுத்து மாட்டுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலை பிரிட்டன் ஒரு காலத்தில் மிக அழகாகத் தீர்த்து வைத்திருந்தது. 1930-களில் ரயில்வே கம்பெனிகள் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் சரக்கு கொண்டுபோகக் குதிரைகளை நம்பியிருந்தன. குதிரைக்குப் பதிலாக வாட்ஃபோர்டில் இருந்த ஸ்கேமல் கம்பெனி ஒரு மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. முன்னால் ஒற்றைச் சக்கரம் இருந்ததால் நின்ற இடத்திலேயே வட்டமடித்துவிடும். அதற்கு வைத்த பெயரே ‘மெக்கானிக்கல் ஹார்ஸ்’, இயந்திரக் குதிரை. மூன்று டன், ஆறு டன் என்று இரண்டு அளவுகள். 1948-ல் அதன் வாரிசாக ஸ்கேரப் வந்தது.

நான் சொல்ல வருவது அந்த வண்டியைவிட அதன் இணைப்பைப் பற்றி. யூனிட்டின் பின்பக்கம் சாய்வான தண்டவாளம் போல இரண்டு சட்டங்கள். ஓட்டுநர் பின்னால் விட்டால் டிரெய்லரின் முன்பக்க உருளைகள் அந்தச் சட்டங்களில் ஏறி, கொக்கிகள் தாமாகவே மாட்டிக்கொள்ளும். அதே அசைவில் டிரெய்லரைத் தாங்கி நின்ற முன் சக்கரங்கள் மடங்கி மேலே போகும், பிரேக்கும் இணைந்துவிடும். கழற்றுவதற்குக் கேபினுக்குள்ளேயே ஒரு லீவர். ஓட்டுநர் யூனிட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மாட்டுவது, தாங்கும் சக்கரத்தைத் தூக்குவது, பிரேக் சேர்ப்பது மூன்றும் ஒரே வேலை. மற்ற கம்பெனி வண்டிகளிலும் இதே இணைப்பு வந்ததால், ஒரே டிரெய்லர் பல வண்டிகளுக்குப் பின்னால் ஓடியது.

சுமை ஏறியபோது அந்த ஏற்பாடு போதாமல் போனது. உலகம் முழுவதும் ஐந்தாம் சக்கரம் என்ற தட்டும் கிங்பின்னும் நிலைத்தன. டிரெய்லரின் அடியில் 50.8 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு எஃகு முளை. யூனிட்டின் மேல் கிரீஸ் பூசிய தட்டு, அதில் லாட வடிவில் ஒரு வாய், வாய்க்குள் பூட்டு. கிங்பின்னின் அளவை ஐஎஸ்ஓ 337 என்ற தரநிலை வரையறுத்திருக்கிறது. அதனால்தான் எந்தக் கம்பெனித் தட்டும் எந்தக் கம்பெனிக் கிங்பின்னையும் பிடிக்கிறது. ஆனால் ஸ்கேமல் இணைப்பில் ஒரே அசைவில் முடிந்த காரியம் இங்கே சிதறிப்போய்விட்டது. பூட்டு தனி, ஏர் லைன் தனி, மின் வயர்கள் தனி, கழற்றி நிற்கும் டிரெய்லரை முன்னால் தாங்கும் கால் தனி, பார்க்கிங் பிரேக் தனி. ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் இறங்கி நடந்து போய், பெரும்பாலும் அந்த இடுக்கில் நின்றுகொண்டு, கையால் செய்ய வேண்டும்.

பலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இணைப்பு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதை ‘டி’ மதிப்பு என்று கிலோநியூட்டனில் குறிப்பார்கள். ஜோஸ்ட் கம்பெனியின் ஜேஎஸ்கே 37 போன்ற பரவலான தட்டுக்கு அது 152. இரண்டு அச்சு யூனிட்டும் ஓர் அச்சு டிரெய்லருமாக 26 டன்னில் ஓடும் நகர வண்டிக்குக் கணக்குப் போட்டால் 65 அளவில்தான் வருகிறது. தட்டு உடைந்து யாரும் சாகப் போவதில்லை. ஆபத்து அளவுகளிலும் இடைவெளிகளிலும் வேலை செய்யும் வரிசையிலும்தான் இருக்கிறது.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண யூனிட்டில் தட்டின் உயரம், சுமையோடு, பொதுவாக 1,150 முதல் 1,300 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தாழ்ந்த யூனிட்டுகளும் உண்டு, அவற்றில் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். ஏர் சஸ்பென்ஷன் யூனிட் என்றால் பட்டனை அழுத்தி இறக்கி, உள்ளே போய், மெல்ல ஏற்றி டிரெய்லரைத் தொடலாம். எஃகு வில் உள்ள யூனிட் என்றால் அந்த வசதி இல்லை. டிரெய்லரின் கால்களைத்தான் சுற்றி ஏற்றி இறக்க வேண்டும். பலர் சோம்பலில் அப்படியே இடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். டிரெய்லர் தாழ்ந்திருந்தால் தட்டு அதன் நெற்றியில் முட்டும், உயர்ந்திருந்தால் என் கதைதான். அதைவிட உயர்ந்திருந்தால் கிங்பின் பூட்டைத் தாண்டிப் போய் டிரெய்லர் நேராகக் கேபினின் முதுகில் மோதும். கிரீஸ் பூசிய தட்டு டிரெய்லரின் அடியை முன் விளிம்பில் தொட்டு, லேசாகத் தூக்கியபடி உள்ளே போனால்தான் உயரம் சரி. மழையில் குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வராது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது இடைவெளி. இதில்தான் குட்டை டிரெய்லர் ஆளை ஏமாற்றும். ஐரோப்பிய விதிப்படி கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் முன்பக்கத்து எந்தப் புள்ளியும் 2.04 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. நீள டிரெய்லரில் கிங்பின் நெற்றியிலிருந்து 1.6 மீட்டர் உள்ளே இருக்கும். 2.55 மீட்டர் அகலத்தில் பாதியைச் சேர்த்துக் கோணமாகப் பார்த்தால் மூலை அந்த 2.04-ஐத் தொட்டு நிற்கும். ஓர் அர்பனில் கிங்பின் 0.9 மீட்டரிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையின் தூரம் 1.56 மீட்டர்தான்.

இப்போது கேபின் முதுகிலிருந்து தட்டின் மையம் 2.2 மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு யூனிட்டில் இந்த அர்பனை மாட்டினால், நடுவே 1.3 மீட்டர் திறந்த வெளி. ஆள் நிற்கத் தாராளமான இடம். ஆனால் ஏர் ஹோஸ்களும் வயர்களும் இழுபட்டு நிற்கும், சந்தில் முழுதாக ஒடித்துத் திரும்பும்போது சுண்டிக்கொண்டு போகும். ஆகவே சில யூனிட்டுகளில் தட்டை முன்னால் தள்ளும் வசதியைப் பயன்படுத்தி 1.7 மீட்டருக்குக் கொண்டுவருவார்கள். இடைவெளி 0.8 மீட்டர் ஆகிவிடும். அர்பனுக்கு அது அருமையான பொருத்தம். அதே யூனிட்டை மறுநாள் காலையில் வேறொருவர் எடுத்து, தட்டைப் பின்னால் தள்ளாமல் நீள டிரெய்லரில் மாட்டினால்? நேராக நிற்கும்போது பத்தே சென்டிமீட்டர் இடைவெளி. யார்டு வாசலில் திரும்பும் முதல் வளைவிலேயே டிரெய்லரின் மூலை கேபினுக்குள் இறங்கும். நான் பார்த்த ஒரு யார்டில் இது அப்படியே நடந்தது. ஓட்டுநர் படுக்கும் இடத்தின் பின் தகடு கிழிந்து மடங்கியிருந்தது.

தட்டை முன்னால் தள்ளினால் இன்னொரு பக்கமும் மாறும், அதை மறந்துவிடுவார்கள். கிங்பின்னுக்குப் பின்னால் யூனிட்டின் வால் அவ்வளவு தூரம் நீண்டுவிடும். டிரெய்லரின் கால்கள் கிங்பின்னிலிருந்து குறைந்தது 2.3 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது பொதுவான தரநிலை. மூன்று அச்சு யூனிட்டில் தட்டை அரை மீட்டர் முன்னால் தள்ளி, குட்டை டிரெய்லரை மாட்டி, குறுகிய முற்றத்தில் ஒடித்தால் யூனிட்டின் மட்கார்டோ சேசிஸ் முனையோ அந்தக் காலில் போய் இடிக்கும். முன்னால் சரிசெய்தது பின்னால் பழுதாகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில்தான் பார்க்க முடியும், அதுவும் அந்தக் குறிப்பிட்ட ஜோடிக்கு மட்டும்.

சுமை விஷயமும் குட்டை டிரெய்லரில் நம் உள்ளுணர்வுக்கு எதிராகப் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பதரை மீட்டர் பெட்டி, கிங்பின் முன்னாலிருந்து 0.9 மீட்டரில், ஒரே அச்சு கிங்பின்னுக்கு 6.5 மீட்டர் பின்னால். உள்ளே 12 டன் சரக்கு சமமாகப் பரவியிருக்கிறது. அதில் கிங்பின் மேல் இறங்குவது ஏறக்குறைய 4.9 டன். முதல் கடையில் கடைசி மூன்றில் ஒரு பங்கை, நான்கு டன்னை, இறக்கிவிட்டோம். இப்போது கிங்பின் மேல் எவ்வளவு? 5.2 டன். சரக்கு குறைந்திருக்கிறது, யூனிட்டின் முதுகில் பாரம் கூடியிருக்கிறது! காரணம் எளிது. அந்த நான்கு டன்னின் மையம் அச்சுக்குப் பின்னால் இருந்தது. கிணற்று ஏற்றம் போலச் செயல்பட்டு முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் முன்பக்கம் இறங்கிவிட்டது. பாதிச் சரக்கை இறக்கிய பிறகும் கிங்பின் மேல் 4.6 டன் இருக்கும்.

பாதி இறக்கிய அர்பனை எங்காவது கழற்றிவிட்டு யூனிட்டை வேறு வேலைக்கு அனுப்புவது வழக்கம். அந்தப் பாரம் முழுவதும் இரண்டு கால்களின் சின்னத் தகடுகள் மேல் வந்து உட்காரும். வெயிலில் இளகிய தார் என்றால் கால் அமிழும், மறுபடி மாட்ட வரும் யூனிட்டுக்கு டிரெய்லர் தாழ்ந்திருக்கும். இன்னும் மோசமானது, கழற்றி நிற்கும் டிரெய்லருக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஏறி நேராக முன் மூலைக்குப் போவது. கால்களுக்கு முன்னால் மூன்று மீட்டருக்கு மேல் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. நீள டிரெய்லரில் பின்னால் இருக்கும் மூன்று அச்சுகளின் எடை எதிர்ப்பாரமாக இருக்கும். இந்த அர்பனில் ஓர் அச்சுதான். மூக்கு குத்திச் சரியும் வாய்ப்பு அங்கே நிஜமானது. முன்னால் ஒரு முட்டுத்தாங்கி வைத்த பிறகே ஃபோர்க்லிஃப்டை ஏற்ற வேண்டும். இதில் சமரசம் கூடாது என்பது என் எண்ணம்.

பின் அச்சு திரும்பும் டிரெய்லர்களில் ஒரு வகை, யூனிட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் கிங்பின் பக்கத்திலிருந்தே அறிந்து அச்சைத் திருப்பும். கிங்பின்னுக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஓர் எஃகுத் துண்டு இருக்கும். அது தட்டின் வாய்க்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். யூனிட் திரும்பினால் ஆப்பு திரும்பும், அந்த அசைவு தண்டு வழியாகவோ ஹைட்ராலிக் குழாய் வழியாகவோ பின் அச்சுக்குப் போகும். எல்லாத் தட்டுகளும் இதற்கு ஏற்றவை அல்ல. ஏற்ற தட்டா என்று அதன் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஏற்ற தட்டாகவே இருந்தாலும் யூனிட்டைக் கோணலாக உள்ளே விட்டால் ஆப்பு உட்காராது. நேராக வைத்து மாட்டுவது எல்லா டிரெய்லருக்கும் நல்லது, இந்த வகைக்குக் கட்டாயம்.

பிரேக்குக்கு வருவோம். மனிதர்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

டிரெய்லர் தனியாக நிற்கும்போது சிவப்பு ஏர் லைன் கழன்றிருப்பதால் அதன் அவசர பிரேக் தானாகப் பிடித்திருக்கும். அதைப் பார்த்துப் பலர் ‘பிரேக் இருக்கிறது’ என்று நினைத்துவிடுகிறார்கள். சிவப்பு லைனை மாட்டிய நொடியில் அந்தப் பிடி விட்டுவிடும். அதற்குப் பிறகு டிரெய்லரைப் பிடித்து நிறுத்துவது அதன் பக்கவாட்டில் இருக்கும் சிவப்புப் பார்க்கிங் பட்டன் மட்டும்தான். முந்தைய ஆள் அதை இழுக்காமல் போயிருந்தால்? யூனிட்டின் ஹேண்ட்பிரேக்கையும் அவசரத்தில் போடாமல் இறங்கியிருந்தால்? தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு போதும். மொத்த வண்டியும் சத்தமில்லாமல் நகரும். லைனை மாட்டிக்கொண்டிருந்தவர் குதித்து ஓடிக் கேபினில் ஏறப் பார்ப்பார், அல்லது கையால் தடுக்கப் பார்ப்பார். வண்டிக்கும் சுவருக்கும், வண்டிக்கும் பக்கத்து லாரிக்கும் நடுவே நசுங்குவது அப்படித்தான்.

அந்தச் சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் நீலத்திலோ கறுப்பிலோ இன்னொன்று இருக்கும். லைன் மாட்டாமலே டிரெய்லரை யார்டுக்குள் நகர்த்துவதற்காக அவசர பிரேக்கை விடுவிக்கும் பட்டன் அது. இவை எங்கே இருக்கும் என்பது டிரெய்லருக்கு டிரெய்லர் மாறும். கால்களுக்குப் பின்னால் இருக்கலாம், அச்சுக்குப் பக்கத்தில் இருக்கலாம். இருட்டில் சேறு படிந்து நிறமே தெரியாமலும் இருக்கும். அதனால்தான் வேலையின் வரிசை உயிர்நாடி. யூனிட்டைப் பின்னால் விடுவதற்கு முன்பே டிரெய்லரின் சிவப்புப் பட்டனைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும். மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகு, ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பிறகு குனிந்து பூட்டைப் பார்த்து, கைப்பிடியில் பாதுகாப்புக் கொக்கியை மாட்ட வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் கொக்கியை ‘டாக் கிளிப்’ என்பார்கள். கைப்பிடி முழுதாக உள்ளே போகவில்லை என்றால் அது மாட்டாது. நான் அன்று அந்தக் கொக்கியைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அண்ணன் சொல்லாமலே தெரிந்திருக்கும். இதற்கெல்லாம் பிறகுதான் லைன்கள், கால், விளக்கு. சிவப்புப் பட்டனை விடுவிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

இடைவெளியும் பிரேக்கும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. குளிர்சாதன அர்பன்களில் நெற்றியில் ஃபிரிட்ஜ் பெட்டி முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். முன்பு சொன்ன 0.8 மீட்டரில் அது பாதியைத் தின்றுவிட்டால், முழுதாக மாட்டிய பிறகு ஆள் நுழைய இடமிருக்காது. எனவே சிலர் யூனிட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, பூட்டு விழுவதற்கு முன்பே, இறங்கிப் போய் லைன்களை மாட்டுவார்கள். பிறகு ஏறி மிச்ச தூரத்தைப் பின்னால் விடுவார்கள். பிரிட்டனில் இதற்கு ‘ஸ்ப்ளிட் கப்ளிங்’ என்று பெயர். இரண்டு வண்டிகளும் ஒன்றோடொன்று பூட்டப்படாத நிலையில், டிரெய்லரின் அவசர பிரேக்கை விடுவிக்கும் லைனை ஓர் ஆள் நடுவில் நின்று மாட்டுகிறார். இதைவிட ஆபத்தான வேலை யார்டில் வேறில்லை. ஓட்டுநர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அந்த யூனிட்டையும் அந்த டிரெய்லரையும் ஜோடி சேர்த்த அலுவலக மேசைதான் அவரை அந்த இடுக்குக்குள் தள்ளியது. பக்கவாட்டில் நின்றே மாட்டும்படி லைன்களின் முனைகளை டிரெய்லரில் நகர்த்தி வைக்கலாம், நீண்ட ஹோஸ் தரலாம், அல்லது அந்த ஜோடியையே சேர்க்காமல் விடலாம்.

கடைசியாக ஒரு வயர். ஏர் லைன்களும் விளக்கு வயரும் போக, பிரேக்கின் கணினிக்கு மின்சாரம் தரும் ஏழு முனை வயர் ஒன்று தனியாக உண்டு. பழைய யூனிட்டில் அது பழுதாகியிருக்கும், அல்லது அவசரத்தில் மாட்ட மறந்திருப்பார்கள். வண்டி ஓடும், பிரேக்கும் பிடிக்கும், ஆகவே யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத டிரெய்லர் தன் சுமை எவ்வளவு என்று பார்த்துக் காற்றைக் குறைக்காது, சக்கரம் பூட்டிக்கொண்டால் விடுவிக்கவும் செய்யாது. ஓட்டுநர் மிதிக்கும் முழு அழுத்தமும் அப்படியே போகும். காலியாகத் திரும்பும் ஓர் அச்சு அர்பனில், ஈரச் சாலையில், இதற்கு அர்த்தம் பின்பக்கம் வழுக்கி அடுத்த தடத்துக்குள் வீசப்படுவது. கேபினில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

ஸ்கேமல் செய்ததை இன்றைய எடைகளுக்கு மறுபடி செய்ய முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஜோஸ்ட் கம்பெனியே கேகேஎஸ் என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. பூட்டு, ஏர், மின்சாரம், கால் எல்லாம் கேபினிலிருந்தே. ஆனால் யூனிட்டிலும் டிரெய்லரிலும் இரண்டு பக்கமும் அது இருந்தால்தான் முழுப் பலன். எந்த யூனிட் வந்தாலும் மாட்ட வேண்டிய கலப்பு யார்டுகளில் அது எளிதில் நுழைய முடியவில்லை.

கேபின் கிழிந்த அந்த யார்டில் பிறகு ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு அர்பனின் நெற்றியிலும், ஓட்டுநர் பின்னால் விடும்போது கண்ணாடியில் தெரியும் உயரத்தில், பெயிண்டால் மூன்று எண்கள் எழுதினார்கள்: நெற்றியிலிருந்து கிங்பின் தூரம், அடித்தகட்டின் உயரம், கிங்பின்னிலிருந்து கால்களின் தூரம். யூனிட்டுகளின் கதவுக்கு உட்புறம் அதற்கு இணையான மூன்று எண்கள். தட்டைத் தள்ளும் வசதி உள்ளவற்றில் சட்டத்தின் மேலேயே வெள்ளைக் கோடுகள் போட்டு, எந்தக் கோட்டில் எந்த டிரெய்லர் என்று குறித்தார்கள். அடுத்த வாரம் புதிதாக வந்த பையன் ஒருவன், மழையில் டார்ச்சோடு நின்று, கதவில் ஓர் எண்ணைப் படித்துவிட்டு நெற்றியில் இருந்ததைப் படித்தான். தலையை ஆட்டிக்கொண்டு அந்த டிரெய்லரை விட்டுவிட்டு, சாவி மாற்றி வாங்க ஆபீஸ் பக்கம் நடந்தான்.